மொய்னாவின் முதுகில் ஒட்டியிருப்பது யார்?

கேள்வி இது: குளத்தில் வலை போட்டுப் பிடித்து வந்து, வீட்டுத் தொட்டியில் மீனுக்காக வளர்க்கும் மொய்னாவையும் அதோடு கலந்து வந்த சைக்ளாப்ஸையும் (இரண்டும் இறாலின் குட்டி உறவினர்கள்) 100 மடங்கு பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார் ஒருவர். முதுகு, வால், உணர்கொம்பு என்று எல்லா இடத்திலும் நிறமற்ற குட்டி மணிகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கின்றன. சிலவற்றின் மேல் பச்சைப் புள்ளிகளும் இருக்கின்றன. இது பூஞ்சையா, ஒட்டுண்ணியா, எப்படி அடையாளம் காண்பது, இதை மீனுக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் உங்களை அரித்துக்கொண்டிருக்கும். தாராளமாகக் கொடுக்கலாம். மணி வடிவத்தில் இருப்பவை அநேகமாகப் பெரிட்ரிக் என்ற கூட்டத்தைச் சேர்ந்த ஒருசெல் உயிர்கள். மொய்னாவின் உடம்பிலிருந்து அவை எதையும் உறிஞ்சுவதில்லை. தண்ணீரில் மிதக்கும் பாக்டீரியாதான் அவற்றின் சாப்பாடு. உட்கார ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். அந்த இடமே நீந்திக்கொண்டிருந்தால் புதுத் தண்ணீரும் புதுச் சாப்பாடும் தானாக வந்து சேரும். பச்சைப் புள்ளிகள் அநேகமாகக் கொலேசியம், யூக்ளீனா என்ற பச்சை ஒருசெல் உயிரின் உறவினர். மீனின் வயிற்றுக்குள் போனால் எல்லாமே செரித்துவிடும்.

‘அநேகமாக’ என்று இரண்டு முறை போட்டதற்குக் காரணம் இருக்கிறது. அசையாத படம் ஒன்றை வைத்துக்கொண்டு யாரும் இதற்கு மேல் போக முடியாது. மணியின் உருவத்தை மட்டும் பார்த்து அடித்துப் பெயர் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். வோர்ட்டிசெல்லா, கார்கீசியம், ஜூதாம்னியம், எபிஸ்டைலிஸ் என்ற நான்குக்கும் மணி ஏறக்குறைய ஒன்றேதான். வித்தியாசம் மணியைத் தாங்கும் தண்டில் இருக்கிறது. அதிலும் பயப்படும்போது அந்தத் தண்டு என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. அதனால் உயிரோடு பார்க்க வேண்டும். ஃபார்மலினிலோ ஆல்கஹாலிலோ போட்ட மாதிரியில் எல்லா மணியும் சுருங்கி உருண்டையாகிவிடும், பாதி அடையாளம் அப்போதே போய்விடும்.

அதற்கு முன்னால், நீங்கள் பார்ப்பது வெளியிலிருந்து வந்து ஒட்டியதா, அந்த விலங்கின் சொந்தச் சமாச்சாரமா என்று தீர்த்துக்கொள்ளுங்கள். சைக்ளாப்ஸ் பெண்ணின் பின்பக்கம் இரு புறமும் தொங்கும் இரண்டு பைகள் முட்டைப் பைகள். சைக்ளாப்ஸின் உறவினரான டயாப்டமஸ் வகையாக இருந்தால் ஒரே பை, வயிற்றுக்கு அடியில். இதில் யாரும் ஏமாறுவதில்லை. ஏமாற்றுவது ஆண் ஒட்டிவிட்டுப் போகும் விந்துப்பை. சைக்ளாப்ஸில் அது சிறுநீரக வடிவத்தில் ஒரு ஜோடியாகவும், டயாப்டமஸில் நீளமான குழாயாகவும் இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் இதை ஒட்டுண்ணிப் புழு என்றே முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் அது பெண்ணின் வால்பகுதியில், இனப்பெருக்கத் துளை இருக்கும் கணுவின் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். மொய்னா, அதன் உறவினரான டாப்னியா இவற்றின் முதுகில் கருத்துத் தடித்த ஒரு பட்டை தெரிந்தால் அது உறங்குமுட்டை உறை. வறட்சிக்கும் நெருக்கடிக்கும் முன்னேற்பாடு. பொதுவாக, சொந்த உறுப்பு இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும், நீங்கள் பிடிக்கும் அடுத்த மொய்னாவிலும் அதே இடத்தில் இருக்கும். ஒட்ட வந்தவைக்கு அந்த ஒழுங்கு கிடையாது. விளிம்பில் தடித்த கறுப்பு வளையமும் நடுவே பளிச்சென்ற வெளிச்சமுமாகத் தெரிந்தால் அது காற்றுக்குமிழி, அதை விட்டுவிடுங்கள்.

இனி சிலைடு. சாதாரண சிலைடில் ஒரு சொட்டு விட்டுக் கவர் ஸ்லிப்பை அப்படியே போட்டால் மொய்னா நசுங்கிவிடும். குழிச் சிலைடு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கவர் ஸ்லிப்பின் நான்கு மூலையிலும் கடுகளவு வாசலின் தடவிக்கொண்டு, தண்ணீர்ச் சொட்டின் மேல் வைத்து மெதுவாக அழுத்துங்கள். விலங்கு நகர முடியாத, ஆனால் நசுங்காத உயரம் கைக்குப் பிடிபட்டுவிடும். பஞ்சு இழை இரண்டைச் சொட்டுக்குள் போட்டால் மொய்னா அதில் சிக்கி நிற்கும். சோடா ஊற்றி மயக்கும் வழக்கமும் உண்டு. கார்பன் டை ஆக்சைடில் மொய்னா அடங்கிவிடும் என்பது சரிதான், ஆனால் மேலே இருக்கும் மணிகளும் மிரண்டு சுருங்கிக்கொள்ளும். ஒட்டியிருப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் சோடா வேண்டாம்.

வெளிச்சத்தில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். இவை நிறமே இல்லாதவை. மேடைக்குக் கீழே வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டென்சரின் டயாபிரத்தை, அதாவது வெளிச்சம் வரும் துளையை, முழுக்கத் திறந்து வைத்தால் கூசும் வெள்ளையில் தண்டு காணாமல் போய்விடும். டயாபிரத்தை நன்றாகக் குறுக்குங்கள், விளிம்புகள் தெரிய ஆரம்பிக்கும். கண்டென்சருக்குக் கீழே நடுவில் வட்டமாக வெட்டிய கறுப்புத் தாள் ஒன்றை வைத்தால் பின்னணி இருண்டு, மணிகள் மட்டும் வெளிச்சமாக நிற்கும். 4, 10 ஆப்ஜெக்டிவ்களுக்கு இந்தத் தந்திரம் நன்றாக வேலை செய்யும். 10 ஆப்ஜெக்டிவில் எங்கே என்ன இருக்கிறது என்று தேடுங்கள், 40-க்குப் போய் உறுதி செய்யுங்கள். 100 எண்ணெய் ஆப்ஜெக்டிவ் இங்கே பயன்படாது. மொய்னாவின் தடிமனுக்கு அது கிட்டே போக முடியாது. மனு பிரகாஷ் குழுவினர் 2014-இல் அறிமுகப்படுத்திய ஃபோல்டுஸ்கோப் காகித நுண்ணோக்கி வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு. அதன் 140 மடங்கு பெருக்கம் தண்டு சுருங்குகிறதா என்று பார்க்கப் போதும்.

இப்போது மைக்ரோஸ்கோப் மேடையின் ஓரத்தை விரல் நகத்தால் லேசாகத் தட்டுங்கள். கண்ணை எடுக்காதீர்கள். இந்த ஒரு தட்டலில் உங்கள் கேள்வியில் பாதிக்கு விடை வந்துவிடும்.

தொட்டாற்சிணுங்கியைப் போல மணி சட்டென்று கீழே இழுபட்டு, தண்டு சுருள் ஸ்பிரிங்காகச் சுருண்டு, பிறகு சில விநாடிகளில் மெதுவாக நீண்டால், அதோடு ஒரு தண்டுக்கு ஒரே மணி என்று இருந்தால், அது வோர்ட்டிசெல்லா. பல தண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் முளைத்துக் கொத்துப் போலத் தெரியலாம். அடியில் ஃபோகஸ் செய்து, ஒவ்வொன்றும் மொய்னாவின் ஓட்டில் தனித்தனியாக ஊன்றியிருக்கிறதா என்று பாருங்கள்.

தண்டு கிளைவிட்டுப் பல மணிகளைத் தாங்கினால் அது கூட்டுக்குடும்பம். தட்டியவுடன் சில கிளைகள் மட்டும் சுருண்டு, மற்றவை பாட்டுக்கு நீண்டு நின்றால் கார்கீசியம். மொத்தக் குடும்பமும் ஒரே நேரத்தில் மடங்கி விழுந்தால் ஜூதாம்னியம். காரணம் தண்டின் உள்ளேயே தெரியும். 40 ஆப்ஜெக்டிவில் தண்டின் நடுவே ஓர் இழை ஓடுவதைப் பார்க்கலாம், அதுதான் சுருக்கும் இழை. கார்கீசியத்தில் அந்த இழை கிளை பிரியும் இடத்தில் அறுந்து, ஒவ்வொரு கிளைக்கும் தனியாக இருக்கும். ஜூதாம்னியத்தில் அறுபடாமல் எல்லாக் கிளைக்கும் ஓடும். ஜூதாம்னியத்தின் தண்டு சுருளாகச் சுருளாமல் கோணல்மாணலாக மடங்குவதும் இன்னொரு அடையாளம்.

எவ்வளவு தட்டினாலும் தண்டு விறைப்பாகவே நின்று, மணி மட்டும் சுருங்கித் தலை கவிழ்ந்தால் எபிஸ்டைலிஸ். அதன் தண்டுக்குள் இழை கிடையாது. அதிலும் மணியின் வாய்விளிம்பு தடித்து வெளியே மடிந்திருந்தால்தான் எபிஸ்டைலிஸ். விளிம்பில் அந்தத் தடிப்பு இல்லாமல், உள்ளிருந்து ஒரு மூடி சாய்வாகத் தூக்கி நிற்பது போலத் தெரிந்தால் ஓபர்குலேரியா. குட்டையான விறைத்த தண்டில் ஒற்றை மணியாக இருந்தால் ராப்டோஸ்டைலா. தண்டே சரியாகத் தெரியாமல், கண்ணாடிக் கூடு ஒன்றுக்குள் உட்கார்ந்துகொண்டு, தட்டினால் கூட்டின் அடிக்குப் போய்விட்டால் கொத்தூர்னியா போன்ற கூடுகட்டி வகை. இது மொய்னாவைவிட ஆஸ்ட்ரகாட் போன்ற அடித்தளவாசிகளின் மேல் அதிகம் கண்ணில் படும்.

உங்கள் மொய்னாவும் சைக்ளாப்ஸும் வருவது உரம் மிகுந்த குளத்திலிருந்து என்றால், நான் பந்தயம் கட்டுவது எபிஸ்டைலிஸ் மேலும் வோர்ட்டிசெல்லா மேலும்தான். கொத்துக் கொத்தாக என்று நீங்கள் சொல்வது எபிஸ்டைலிஸ் பக்கம் சாய்கிறது. தட்டிப் பார்த்தால்தான் முடிவாகும்.

இதற்குக் கைபேசி நல்ல துணை. கண்ணருகு லென்ஸில் கேமராவைப் பிடித்து ஸ்லோமோஷனில் எடுங்கள். வோர்ட்டிசெல்லாவின் தண்டு சுருண்டு முடிக்க ஆகும் நேரம் நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் கைபேசியில்கூட அது இரண்டு மூன்று பிரேமுக்குள் அடங்கிவிடும். நீளும்போது அவசரமே இல்லை. இத்தனை வேகத்துக்குப் பின்னால் இருப்பது நம் தசையின் முறை அல்ல. தசை சுருங்க ஏடிபி என்ற எரிபொருள் வேண்டும். இந்த இழையில் இருக்கும் ஸ்பாஸ்மின் என்ற புரதத்துக்குக் கால்சியம் பட்டாலே போதும். செல்லின் உயிரை எடுத்து, கிளிசரினில் ஊறவைத்துச் சவ்வையெல்லாம் கரைத்த பிறகும், கால்சியக் கரைசலை விட்டால் அந்தத் தண்டு சுருளும், கால்சியத்தை அகற்றினால் நீளும். நுண்ணோக்கி முன்னோடி லேவன்ஹூக் 1670-களில் தன் கையால் தேய்த்த லென்ஸில் பார்த்து வியந்த அதே இழுப்புதான் இது.

மணிக்குள்ளும் கொஞ்சம் பாருங்கள். வாய் ஓரத்தில் மயிர்போன்ற குறுஇழைகள் அடித்து நீர்ச்சுழல் உண்டாக்குவது 40-இல் தெரியும். தண்ணீரில் துளி ஈஸ்ட்டைக் கலந்துவிட்டால் அந்தத் துகள்கள் சுழன்று உள்ளே போய் உருண்டையாக அடைபடுவதையும் பார்க்கலாம். தெளிவான ஒரு குமிழி மெல்லப் பெருத்துச் சட்டென மறையும். உள்ளே வரும் உபரித் தண்ணீரை இறைக்கும் குமிழி அது. பெரிய நியூக்ளியஸ் வளைந்த பட்டை போலக் கிடக்கும். அது தெளிவாகத் தெரிய வேண்டுமானால் அசிட்டிக் அமிலம் கலந்த மெத்தில் கிரீனைக் கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ தாளை வைத்து உறிஞ்சுங்கள். சாயம் போட்டால் உயிர் போய்விடும், எனவே தட்டிப் பார்ப்பதெல்லாம் முடிந்த பிறகு இது. பொதுவாகவே கவர் ஸ்லிப்புக்குக் கீழே ஆக்சிஜன் குறையக் குறைய மணிகள் தண்டை விட்டுக் கழன்று போக ஆரம்பிக்கும். சிலைடு போட்டவுடனே பார்த்துவிடுங்கள், சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம் என்று வைக்காதீர்கள்.

தட்டினால் எதுவுமே அசையாத ஒன்றும் கண்ணில் படலாம். உருண்டையோ பேரிக்காய் வடிவமோ, தண்டின் மேல் நிற்கும், குறுஇழை ஒன்றுகூட இராது. அதற்குப் பதில் உடம்பிலிருந்து விறைப்பான கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் சின்னக் குமிழ். இது சக்டோரியன், டோகோஃப்ரியா, அசினீட்டா ஆகியவை இந்த வகை. மணிகள் சாதுவானவை, இது வேட்டைக்காரன். வழியே நீந்திப் போகும் வேறொரு குறுஇழை உயிர் அந்தக் குமிழ்நுனியில் பட்டால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். சில நிமிடங்களில், பிடிபட்டதன் உள்ளிருக்கும் துகள்கள் கம்பிக்குள் ஓடி வேட்டைக்காரனின் உடம்புக்குள் போவதை 40 ஆப்ஜெக்டிவில் நேராகப் பார்க்கலாம். ஒன்று வற்றும், மற்றது பருக்கும். மொய்னாவுக்கு இதனாலும் தீங்கில்லை. எபிஸ்டைலிஸின் தண்டு மேலேயே வந்து உட்காரும் சக்டோரியனும் உண்டு. சைக்ளாப்ஸ் மேல் எபிஸ்டைலிஸ், எபிஸ்டைலிஸ் மேல் டோகோஃப்ரியா என்று மாடிமேல் மாடி கட்டியிருப்பதைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பச்சை விஷயத்துக்கு வருவோம். மொய்னா மேல் பச்சையாக ஒட்டுவதில் மூன்று நான்கு தரப்பு இருக்கிறது, நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. அயோடின்தான் தீர்ப்பு சொல்லும். லுகால் அயோடின் ஒரு சொட்டை ஓரத்தில் விட்டுப் பாருங்கள். உள்ளே கருநீலமாக மாறினால் மாவுச்சத்து இருக்கிறது, அப்படியென்றால் உண்மையான பச்சைப்பாசி. கோர்ஷிகோவியெல்லா போல டாப்னியா, மொய்னா மேல் நீண்ட ஊசி உருவில் ஒட்டும் இனங்கள் உண்டு. கருநீலம் ஆகவில்லை என்றால் அயோடின் விடாத ஒரு மாதிரியில் சிவப்புக் கண்புள்ளியைத் தேடுங்கள். அது இருந்தால் கொலேசியம். யூக்ளீனா கூட்டம் மாவுச்சத்துக்குப் பதிலாகப் பாராமைலான் என்ற பொருளைச் சேமிக்கிறது, அது அயோடினுக்கு மசியாது. கொலேசியத்தில் கண்புள்ளி ஒட்டியிருக்கும் முனைக்குப் பக்கத்தில் இருக்கும், ஏனென்றால் அது தலையைக் கீழே வைத்து, பசைபோன்ற ஒரு காம்பால் ஒட்டிக்கொள்கிறது. உடம்பைப் பிசைவது போல நெளிவதும் உண்டு. கண்புள்ளியும் இல்லை, மாவுச்சத்தும் இல்லை, நிறம் மஞ்சள் கலந்த பச்சை என்றால் காரசியாப்சிஸ் என்ற பாசியாக இருக்கலாம்.

பொன்பழுப்பு நிறத்தில் மெல்லிய குச்சிகள் உணர்கொம்பில் விசிறியாக நின்றால் டயட்டம் என்ற பாசி. சினீட்ரா சைக்ளோப்பம் என்று பெயரிலேயே சைக்ளாப்ஸைச் சுமக்கும் ஒன்று இதற்குப் பேர்போனது. சிலிக்கா ஓடு என்பதால் விளிம்பு கூர்மையாகத் தெரியும், எதற்கும் வளையாது.

நிறமற்ற, இரு முனையும் மழுங்கிய நீளக் குழாய்கள், தண்டு இல்லை, கிளை இல்லை, அசைவில்லை என்றால் அமீபிடியம். பூஞ்சை என்று நீங்கள் சந்தேகப்பட்டதற்கு மிக அருகில் வருவது இதுதான். நெடுநாள் இதைப் பூஞ்சைப் பட்டியலில்தான் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுக்குப் பிறகு, விலங்குகளும் பூஞ்சைகளும் பிரிந்த இடத்துக்குப் பக்கத்தில், விலங்கின் கிளையை ஒட்டிய ஒரு கூட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். தன்னைச் சுமக்கும் விலங்கு செத்தாலோ சட்டை உரித்தாலோ குழாயின் உள்ளிருப்பது துண்டு துண்டாகி, அமீபாக்களாக ஊர்ந்து வெளியே வரும். அது நடக்கும் நேரத்தில் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். அசல் பூஞ்சை வகையறா என்றால் மெல்லிய நூல்கள் ஓட்டைத் துளைத்து உள்ளேயும் வெளியேயும் படர்ந்திருக்கும், பெரும்பாலும் ஏற்கெனவே செத்த மொய்னாவில். உயிரோடு சுறுசுறுப்பாக நீந்துவதன் மேல் பஞ்சு படர்ந்தது போலத் தெரிந்தால் அது எபிஸ்டைலிஸ் கூட்டமாகத்தான் இருக்கும்.

ஒட்டியிருப்பதற்குள் எதுவோ மென்றுகொண்டிருந்தால் அது ஒருசெல் உயிரே அல்ல, ரோட்டிஃபர் என்ற பலசெல் நுண்விலங்கு. உடம்பின் நடுவே தாடை இடைவிடாமல் அசைவது 10 ஆப்ஜெக்டிவிலேயே தெரியும். மொய்னா மேல் பிராக்கியோனஸ் ரூபென்ஸ் என்ற இனம் கால்நுனியால் ஒட்டிக்கொள்ளும். முன்விளிம்பில் முட்கள் கொண்ட ஓடு, பக்கத்தில் தொங்கும் முட்டை என்று சுலபமாக அடையாளம் தெரியும். ஒட்டுபவர்களில் நான் கொஞ்சம் முகம் சுளிப்பது இதைப் பார்த்தால்தான். மணிகள் பெரும்பாலும் பாக்டீரியாவைத் தின்கின்றன, ரோட்டிஃபரோ மொய்னா தின்னும் அதே பச்சைத் தண்ணீர்ப் பாசியைப் பங்கு கேட்கிறது. பெருகும் வேகமும் அதிகம். அது ஏன் இப்படிச் சவாரி செய்கிறது என்பது சுவையான கதை. ரோட்டிஃபரைத் தின்னும் ரோட்டிஃபர் ஒன்று உண்டு, அஸ்ப்ளாங்க்னா. டாப்னியா மேல் உட்கார்ந்திருக்கும் ரூபென்ஸ், தனியே நீந்துவதைவிட அதன் வாயில் குறைவாகவே சிக்குகிறது என்று டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1990-களில் நடந்த ஆய்வுகள் காட்டின. போதாததற்கு, டாப்னியா தண்ணீரை உறிஞ்சும்போது தனியாகத் திரியும் ரோட்டிஃபர்கள் உள்ளே இழுபட்டு நசுங்குவதும் உண்டு. முதுகில் ஏறிக்கொண்டவருக்கு அந்த ஆபத்தும் இல்லை.

வெளியே இருப்பதா உள்ளே இருப்பதா என்ற குழப்பம் அடிக்கடி வரும், மொய்னா கண்ணாடி மாதிரி என்பதால் உள்ளிருப்பதும் மேலே இருப்பது போலவே தெரியும். நுண் ஃபோகஸ் திருகைத் திருப்பிக்கொண்டே வாருங்கள். ஓட்டின் மேல் கோடுகள் தெளிவாக இருக்கும் அதே மட்டத்தில் அதுவும் தெளிவாக இருந்தால் வெளியே. இதயத்தோடோ குடலோடோ சேர்ந்து தெளிவானால் உள்ளே. உடம்புக்குள் முழுக்க ஊசி ஊசியாக, மொய்னா பால்போல வெளுத்து இருந்தால் அது மெட்ச்னிகோவியா என்ற ஈஸ்ட் நோய். உயிரியலாளர் இலியா மெட்ச்னிகாஃப் 1884-இல் டாப்னியாவில் ஈஸ்ட்டின் இந்த ஊசி ஸ்போர்களை (வித்துகளை) வெள்ளணுக்கள் சூழ்ந்து தின்பதைப் பார்த்துத்தான், உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் முறை பற்றிய தன் கொள்கைக்கு வலு சேர்த்தார்; 1908-இல் நோபல் பரிசு வாங்கித் தந்தது அந்தக் கொள்கை. இந்த ஈஸ்ட் மொய்னாவையும் டாப்னியாவையும் கொல்லும். வெளியே ஒட்டியவை கொல்லாது. நீங்கள் தேட வேண்டிய முக்கியமான எல்லை இதுதான்.

உங்கள் மைக்ரோஸ்கோப்பில் பெயர் சொல்ல முடியாத இன்னொரு கூட்டமும் அந்த ஓட்டின் மேல் இருக்கிறது: பாக்டீரியா. காலராக் கிருமி கோபிபாட்களின், அதாவது சைக்ளாப்ஸ் குடும்பத்தாரின் ஓட்டில், குறிப்பாக வாய்ப்பகுதியிலும் முட்டைப் பையிலும் ஒட்டி வாழும் என்பதை 1980-களில் நுண்ணுயிரியலாளர்கள் அன்வர் ஹக், ரீட்டா கோல்வெல் ஆகியோர் காட்டினார்கள். அதன் பலன் வங்கதேசத்தின் மத்லாப் பகுதிக் கிராமங்களில் தெரிந்தது. பழைய புடவையைப் பல மடிப்பாக மடித்துக் குடிநீரை வடிகட்டியதில் காலரா 48 சதவீதம் குறைந்ததாக 2003-இல் வெளியிட்டார்கள். புடவைத் துணி பாக்டீரியாவைப் பிடிக்காது, அது ஏறி வரும் சைக்ளாப்ஸைப் பிடித்துவிடும். குளத்தில் வலை போட்டுப் பிடிக்கிறவர் நீங்கள் என்பதால் சொல்கிறேன்: பிடித்த பிறகு கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

இனி உங்கள் தொட்டி. மொய்னா, டாப்னியா இரண்டும் வாழ்நாள் முழுக்கச் சட்டை உரிக்கும். டாப்னியா 20 டிகிரி வெப்பத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை உரிக்கும், நம் ஊர் வெயிலில் மொய்னா அதைவிட வேகம். உரித்தவுடன் மேலே இருந்த அத்தனை பேரும் பழைய சட்டையோடு போய்விடுவார்கள். பெரிட்ரிக்குகள் இதற்குத் தயாராக இருக்கின்றன. மணி தன் வாயை மூடி உருளையாகும், பின்பகுதியைச் சுற்றி ஒரு வளையமாகக் குறுஇழைகள் முளைக்கும், தண்டை அப்படியே விட்டுவிட்டு, பின்பக்கம் முன்னே வரும்படி நீந்திப் போய் அடுத்த முதுகைத் தேடி ஒட்டும், அங்கே புதுத் தண்டு சுரக்கும். தொட்டியின் அடியில் கிடக்கும் உரித்த சட்டையை எடுத்துப் பார்த்தால் மணியில்லாத தண்டுகள் வரிசையாக நிற்பது தெரியும்.

சைக்ளாப்ஸ் அப்படியல்ல. நாப்ளியஸ் என்ற குஞ்சு நிலை 6, அதற்குப் பிறகு கோபிபோடிட் என்ற இளம் நிலை 5, அப்புறம் முழு வளர்ச்சி. அத்தோடு சட்டை உரிப்பது முடிந்தது. முதிர்ந்த சைக்ளாப்ஸ் சாகும்வரை ஒரே ஓட்டோடுதான் திரிய வேண்டும், ஒட்டியவை சேர்ந்துகொண்டே போகும். எனவே முட்டைப் பை சுமக்கும் சைக்ளாப்ஸ் மேல் மணிகள் மண்டியிருந்தால் அதற்கு வயதாகிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். மொய்னா மேல் அதே அளவு மண்டியிருந்தால் விஷயம் வேறு: அது கொஞ்ச நாளாகச் சட்டை உரிக்கவில்லை. பசியாக இருக்கலாம், நோயாக இருக்கலாம், தண்ணீர் கெட்டிருக்கலாம். உங்கள் கேள்வியில் மொய்னாவையும் சைக்ளாப்ஸையும் சேர்த்தே சொல்லியிருக்கிறீர்கள், இரண்டையும் பிரித்துப் பாருங்கள். எதன் மேல் அதிகம் என்பதில் தொட்டியின் நிலவரம் இருக்கிறது.

அளவு மீறினால் சுமப்பவருக்குத் தொல்லை இல்லை என்று சொல்ல முடியாது. பாரம் ஏறினால் மூழ்காமல் இருக்கவே அதிகம் நீந்த வேண்டும். உணர்கொம்பில் கொத்து ஏறினால் துடுப்பு போடுவதே சிரமம். குளத்தில் இன்னொரு ஆபத்தும் சேரும். கண்ணாடியாக இருப்பதுதான் டாப்னியாவின் பாதுகாப்பு. பச்சையும் வெள்ளையும் படிந்தால் மீனின் கண்ணுக்குச் சுலபமாகப் படும். உங்கள் தொட்டியில் அது எப்படியும் மீனுக்குத்தான் போகிறது, அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

மருந்து எதுவும் போடாதீர்கள். குறுஇழை உயிரைக் கொல்லும் செம்பு மருந்து மொய்னாவை அதற்கு முன்பே கொன்றுவிடும். மணிகள் பெருகுவது பாக்டீரியா பெருகுவதால், பாக்டீரியா பெருகுவது நீங்கள் ஈஸ்ட்டையோ சாணக் கரைசலையோ அதிகமாக ஊற்றுவதால். தீனியைக் குறையுங்கள், முடிந்தால் பாசி மிதக்கும் பச்சைத் தண்ணீருக்கு மாறுங்கள், அடியில் தேங்கும் கசடைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். உரித்த சட்டைகளும் அதோடு போகும். மீன் உடம்பிலும் எபிஸ்டைலிஸ் வகை ஒட்டிப் புண்ணாவது உண்டு, அங்கேயும் முதல் குற்றவாளி அழுக்கேறிய தண்ணீர்தான்.

சுத்தமான வளர்ப்பு வேண்டும் என்றால் வழி எளிது. குட்டிகள் தாயின் ஓட்டுக்குள் இருக்கும் பையில் வளர்கின்றன, மேலே ஒட்டியவர்கள் அங்கே நுழைவதில்லை. வயிறு நிறையக் குட்டி தெரியும் மொய்னாக்களைச் சொட்டுக்குழாயால் பிடித்து, ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் விடுங்கள். குட்டி போட்டவுடன், அவற்றின் மேல் எதுவும் ஏறுவதற்குள், குட்டிகளை மட்டும் வேறு டம்ளருக்கு மாற்றுங்கள். தாயைப் பழைய தொட்டிக்கே அனுப்பலாம், மீனுக்கும் போடலாம். சைக்ளாப்ஸ் ஒன்றுகூடப் புதுத் தொட்டிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டுபவர்களைச் சுமந்து வருவது அதுதான், மொய்னாக் குட்டிகளைப் பிடித்துத் தின்னும் வகையும் அதில் உண்டு.

இனப்பெயர் வரை வேண்டும் என்றால் வீட்டு மைக்ரோஸ்கோப்போடு நிறுத்திக்கொள்ள முடியாது. வெள்ளி உப்பில் சாயம் ஏற்றி மணியின் தோலில் உள்ள கோடுகளை எண்ணுவதும் மரபணு பார்ப்பதும் ஆய்வகத்து வேலை. பேரினம் வரை போக, தட்டும்போது எடுத்த ஸ்லோமோஷன் காட்சி, அயோடின் விட்ட பிறகு ஒரு படம், எந்த விலங்கின் எந்த உறுப்பில் எத்தனை என்ற குறிப்பு ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.